சீலையை யார் கட்டுவது? திருச்சபைத் தலைவர்களின் தாழ்மை நடைமுறையில் எங்கே நிற்கிறது

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் பன்னிரண்டு பேர் பீடத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி வந்த கால்கள். அதிலும் வலது காலில் மட்டும்தான் செருப்பு இருக்காது. பங்குத்தந்தை குனிந்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவார். ஒரு பீடச்சிறுவன் தட்டைப் பிடிப்பான், இன்னொருவன் துண்டை நீட்டுவான், பக்கத்தில் போட்டோகிராபர் ஒரு முழங்காலில் நிற்பார். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். சடங்கைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. சடங்கில் எது விட்டுப்போகிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவுவதைச் சொல்லும் யோவான் 13ஆம் அதிகாரத்தில் தண்ணீரை வார்த்தவரும் துடைத்தவரும் ஒருவரே. சாப்பாட்டை விட்டு எழுந்து, வஸ்திரங்களைக் கழற்றிவைத்து, ‘ஒரு சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டு’ என்று பழைய தமிழ் வேதாகமம் சொல்கிறது. யூத அடிமையைக்கூட எஜமானின் காலைக் கழுவும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று பழைய யூத விளக்கவுரை ஒன்றில் உண்டு. அவ்வளவு கீழான வேலையாக அது எண்ணப்பட்டது. அந்த வரிசையில் காட்டிக்கொடுக்கப் போகிற யூதாசின் காலும் இருந்தது.

அன்றைக்கு ‘என் காலை நீர் ஒருக்காலும் கழுவக்கூடாது’ என்று மல்லுக்கு நின்ற பேதுருவின் பெயரில் உள்ள முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரம், சபை மூப்பர்களுக்கான புத்திமதியோடு தொடங்குகிறது. ‘மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்’ என்று அதில் வருகிறது. அணிந்துகொள்ளுதல் என்று தமிழில் வந்த கிரேக்க வினைச்சொல், அடிமைகள் வேலை செய்யும்போது உடைக்கு மேலே முடிந்துகொள்ளும் துணியின் பெயரிலிருந்து பிறந்தது. வேலைக்குப் போகிறவன் கட்டுகிற துணி அது. முகபாவத்துக்கும் குரலுக்கும் அதில் இடமே இல்லை.

நம் சபைகளில் தாழ்மையை அளப்பது பெரும்பாலும் முகபாவத்தை வைத்துத்தான். மெல்லிய குரல், குவித்த கை, கதர்ச் சட்டை, ‘நான் ஒன்றுமில்லை, எல்லாம் ஆண்டவர்’ என்கிற பேச்சு. இவை எல்லாம் உள்ள ஒருவர் இருபது வருடமாகச் சபைக்குக் கணக்குக் காட்டாமல் இருக்க முடியும். உரக்கப் பேசுகிற, கோபக்காரர் என்று பெயரெடுத்த இன்னொருவர் ஒவ்வொரு மாதமும் கமிட்டியைக் கூட்டி வரவுசெலவை மேசையில் வைப்பார். இரண்டாமவரே சீலையைக் கட்டியவர் என்பது எங்கள் கட்சி.

பெருமை உருவாகும் விதம்

கி.பி. 590இல் உரோமையின் ஆயரான பெரிய கிரகோரியார், ஆயர்களுக்கென்று எழுதிய வழிகாட்டி நூலில் இதைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறார். தலைவனுக்குக் கீழே இருக்கிறவர்கள் அவன் செய்கிற நல்லதைப் புகழ்வார்கள். தவறு செய்தாலும் எதிர்த்துப் பேச அவர்களால் முடியாது. கண்டிக்க வேண்டியதையே பலசமயம் மெச்சுவார்கள். நாளடைவில் அவன் தன் உள்ளே பார்ப்பதை விட்டுவிட்டு, வெளியே காதில் விழுகிறபடியே தான் இருப்பதாக நம்பத் தொடங்குகிறான். இதுதான் அவர் சொல்வதன் சாரம். கான்ஸ்டான்டிநோபிளின் ஆயர் ‘உலகப் பொது’ என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டபோது கிரகோரியார் அதைக் கடுமையாக எதிர்த்து, தமக்கு ‘கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியன்’ என்று போட்டுக்கொண்டார். அதுவும் காலப்போக்கில் ஒரு பட்டமாகவே ஆகிவிட்டது என்பது வேறு கதை.

தமிழ்ச் சபைகளில் இந்தப் புகழ்ச்சிக்கு ஒரு வசனமே காவல் நிற்கிறது. ‘நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமல்’ என்னும் 105ஆம் சங்கீதத்தின் வரி. போதகரிடம் கணக்குக் கேட்டால் இது வரும், பிரசங்கத்தில் பிழை சொன்னாலும் இது வரும். அந்தச் சங்கீதத்தை மூன்று வசனம் முன்னாலிருந்து படித்தால் சங்கதி தலைகீழாக இருக்கிறது. ஆபிரகாமின் குடும்பம் கொஞ்சம் பேராக, சொந்த நிலமில்லாமல், தேசம் தேசமாக அலைந்தபோது அங்கிருந்த ராஜாக்களுக்குக் கொடுத்த எச்சரிக்கை அது. அதிகாரமில்லாத பரதேசிகளை அதிகாரம் உள்ளவர்களிடமிருந்து காத்த வசனம். அதை மேடையில் இருப்பவர் கீழே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துச் சொல்வது பொருந்தாது. தன்னைக் கொல்லத் துரத்திய, அபிஷேகம் பெற்ற அரசன் சவுல்மேல் கைபோட மாட்டேன் என்று சொன்ன தாவீதுகூட, கெபிக்கு வெளியே வந்து, அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் காட்டி, எல்லார் முன்னாலும் சவுலிடம் நியாயம் கேட்டான்.

தலைவரைக் கேள்வி கேட்பதற்குப் புதிய ஏற்பாட்டில் முறையே இருக்கிறது. மூப்பர்மேல் குற்றச்சாட்டு என்றால் இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும். குற்றம் உறுதியானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும் (1 தீமோத்தேயு 5:19, 20). முதல் பாதி வம்புப் பேச்சிலிருந்து தலைவரைக் காப்பாற்றுகிறது. இரண்டாம் பாதி தலைவரிடமிருந்து சபையைக் காப்பாற்றுகிறது. நடைமுறையில் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிடுகிறோம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாருடன் சாப்பிடுவதை விட்டு விலகியபோது, பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தது எல்லார் முன்னிலையிலும்தான்.

நாற்காலியும் இலையும்

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அசனப் பண்டிகை நடக்கும்போது பார்த்தால் சபையின் நிலவரம் தெரிந்துவிடும். ஊரே பந்தியில் உட்காரும். கொடுத்தவன், கொடுக்காதவன், உள்ளூர்க்காரன், விருந்தாளி என்று வித்தியாசமில்லாமல் ஒரே அண்டாவிலிருந்து ஒரே சோறு, ஒரே குழம்பு. பந்தி என்கிற ஏற்பாட்டின் அர்த்தமே அதுதான். ஆனால் போதகர் குடியிருக்கும் குருமனையின் முன்னறையில் மேசை போட்டு, தலைவாழை இலை விரித்து, மேய்ப்பர்களுக்கும் முக்கியஸ்தர்களுக்கும் தனியாக, வறுவல் சேர்த்து ஒரு பந்தி நடந்தால், வெளியே உட்கார்ந்திருக்கிற நாலாயிரம் பேரும் அதைப் பார்க்கத்தான் செய்வார்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அடுத்த சேகரக் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதி) கூட்டத்தில் அது வேறு விஷயமாக வெடிக்கும்.

சாப்பாட்டு மேசையும் நாற்காலியும் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய சான்று உண்டு. திருச்செந்தூர் வட்டாரத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் பேசினார். வெள்ளைக்கார மிஷனெரிகள் இந்திய ஊழியர்களுடன் சமமாகப் பழகாததைத்தான் அவர் உலகத் திருச்சபைத் தலைவர்கள் முன்னால் எடுத்துவைத்தார். நீங்கள் உங்கள் பொருள்களைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். இரண்டு வருடம் கழித்து, 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்று தோர்ணக்கல்லுக்குப் போனார். அவர் குறைசொன்ன அந்த இடைவெளி வெள்ளைக்காரர் போனதோடு தீர்ந்துவிடவில்லை. தேசியப் பேராயர் காலத்திலும் அதே வராந்தாவில், அதே மாதிரி ஜனங்கள் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிறார்கள். குருமனையில் வருகிறவர்களுக்கு ஆறு நாற்காலி எப்போதும் விரித்துப் போட்டிருப்பதைவிட எளிதான சீர்திருத்தம் வேறில்லை.

அமைப்புக்கு அமைப்பு ஓட்டை வேறு

ரோமன் கத்தோலிக்கத்தில் ஆயரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே அங்கே பிரச்சினை, கேட்க ஆளில்லாமல் போவது. அதற்காகத்தான் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 537 சொல்கிறது. மேய்ப்புப்பணிப் பேரவை பற்றிய 536ஆம் விதியோ, அதற்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே உண்டு என்கிறது. பல பங்குகளில் நிதிக்குழு கூடுவது வருடத்துக்கு ஒருமுறை, கையெழுத்துக்காக.

தென்னிந்தியத் திருச்சபையில் நிலைமை வேறு. 1947 செப்டம்பர் 27இல் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் அது உருவானபோதே, பேராயரோடு குருமாரும் சபையாரும் சேர்ந்து ஆளும் விதமாக அமைத்தார்கள். சேகரக் கமிட்டி, திருமண்டலப் பெருமன்றம், எல்லாவற்றுக்கும் மேலான சினாட் என்று படிப்படியாக மன்றங்கள் இருக்கின்றன. காகிதத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் மன்றத்துக்குத் தேர்தல் வந்ததும் அணிகள் வருகின்றன. பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி வேலை நியமனமெல்லாம் அந்த மன்றத்தின் கையில் இருப்பதால் அணிக்குப் பலம் கூடுகிறது. இங்கே பெருமை பட்டுச் சட்டையில் வராது, வாக்காளர் பட்டியலாக வரும். பேராயர்களின் ஓய்வு வயது 67ஐ 70 ஆக்கும் திருத்தம் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறியதைப் பத்திரிகை படித்தவர்கள் அறிவார்கள்.

சுயாதீனச் சபைகளில் எல்லாம் ஒரு பத்திரத்தில் இருக்கிறது. ஊழியத்தைத் தொடங்கியவர் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த அறக்கட்டளைப் பத்திரம். அதை எடுத்து மூன்று வரிகளைத் தேடினால் போதும். நிறுவனர் ஆயுள்காலம் முழுவதும் நிர்வாக அறங்காவலரா? மற்ற அறங்காவலரை நீக்கும் அதிகாரம் அவருக்கு மட்டுமா? அடுத்தவரை அவரே நியமிப்பாரா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்து, அறங்காவலர்கள் மனைவி, மகன், மைத்துனராகவும் இருந்தால், அந்த மனிதர் எவ்வளவு நல்லவரானாலும் அவருக்கு ‘வேண்டாம் ஐயா’ என்று சொல்ல ஆளில்லை. பத்திரத்தைத் திருத்துவதாயிருந்தால் நாங்கள் சொல்வது இது: குறைந்தது ஏழு பேர், ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மேல் வேண்டாம், மூன்று வருடப் பதவிக்காலம், எந்த இரண்டு அறங்காவலர் சேர்ந்தாலும் கூட்டம் கூட்டலாம் என்ற ஒரு வரி. கடைசி வரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். தலைவர் மட்டுமே கூட்டம் கூட்டலாம் என்றிருந்தால் மற்ற ஆறு பேரும் அலங்காரம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 1996இல் தொடங்கிய மார்ஸ் ஹில் சபையில் நடந்ததும் இதுவே. 2007இல் உபவிதிகளை மாற்றி அதிகாரத்தை ஒரு சின்னக் குழுவுக்குள் கொண்டுவந்தார்கள். அதைக் கேள்வி கேட்ட இரண்டு மூப்பர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஏழு வருடம் கழித்து, 2014 ஆகஸ்டில், முன்னாள் போதகர்கள் 21 பேர் முறையாகப் புகார் கொடுத்தார்கள். விசாரித்தவர்கள் தலைமைப் போதகர் மார்க் டிரிஸ்கலிடம் ஆணவம், முன்கோபம், கடுஞ்சொல், அடக்கியாளும் போக்கு ஆகியவற்றைக் கண்டார்கள். ஒழுக்கக்கேடு எதுவும் இல்லை, ஆகவே ஊழியத்துக்குத் தகுதி இழக்கவில்லை என்றும் முடித்தார்கள். அக்டோபரில் அவரே விலகினார். வருடம் முடிவதற்குள் பதினைந்து கிளைகள் கொண்ட அந்தச் சபையைக் கலைக்க முடிவாயிற்று.

அந்த விசாரணை முடிவு யோசிக்க வைப்பது. தீத்து 1:7இல் கண்காணிக்கு, அதாவது சபையை மேற்பார்க்கும் தலைவருக்கு, வேண்டிய தகுதிகளைப் பவுல் அடுக்கும்போது, குற்றஞ்சாட்டப்படாதவன் என்று பொதுவாகச் சொன்ன உடனே வருவது ‘தன் இஷ்டப்படி செய்யாதவனும், முற்கோபமில்லாதவனும்’ என்பது. மதுபானமும் ஆதாயமும் அதற்குப் பிறகுதான். நம் சபைகளில் குடித்த போதகருக்கு ஒழுங்கு நடவடிக்கை உண்டு. தன் இஷ்டப்படி செய்கிற போதகருக்கு ‘தரிசனமுள்ளவர்’ என்று பெயர்.

காணிக்கைப் பை

பணத்தில்தான் தாழ்மை வெளிப்படையாகத் தெரியும், ஏனென்றால் எண்ண முடியும். எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் பணம் சேகரித்தபோது, சபைகள் தேர்ந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூட அழைத்துப் போனார் (2 கொரிந்தியர் 8). தம்மேல் சந்தேகம் வராதபடி தாமே ஏற்பாடு செய்துகொண்டார். அப்போஸ்தலனுக்கே அது குறைச்சலாகப் படவில்லை.

சிறிய சபையிலும் செய்யக்கூடிய முறை இது. பை நேரே உடைமாற்றும் அறைக்கோ அலுவலக அறைக்கோ போக வேண்டும், குருமனைக்கு அல்ல. ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேர் எண்ணட்டும், மாதாமாதம் ஆளை மாற்றட்டும். போதகர் எண்ணக் கூடாது, எண்ணும் மேசையில் உட்காரவும் வேண்டாம். நோட்டு வாரியாக எழுதி, பெயர்போட்ட உறைகளைத் தனியாகப் பதிந்து, இரண்டு பிரதியில் மூவரும் கையெழுத்துப் போட்டு, ஒன்று பொருளாளரிடமும் ஒன்று செயலாளரிடமும் போக வேண்டும். அடுத்த வங்கி நாளில் முழுத்தொகையும் கட்ட வேண்டும். அடுத்த ஞாயிறு தொகையை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

எங்கே கெடுகிறது? பெரும்பாலும் ‘முழுத்தொகையும்’ என்ற சொல்லில். ‘ஜெனரேட்டருக்கு டீசல் போடணும், இதிலேயே ஆயிரம் எடுத்துக்கங்க’ என்று நல்ல எண்ணத்தோடுதான் ஆரம்பிக்கும். அன்றைக்கு வவுச்சர் எழுதாமல் விட்டால், மூன்று மாதத்தில் எண்ணிய தொகைக்கும் வங்கியில் கட்டிய தொகைக்கும் சம்பந்தமிருக்காது. இப்போது புதிதாக ஒரு ஓட்டை வந்திருக்கிறது: பிரசங்க பீடத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற கியூஆர் அட்டை. ஸ்கேன் செய்தால் சபையின் பெயர் வர வேண்டும். போதகரின் சொந்தப் பெயர் வந்தால் அந்தப் பணம் பையில் விழவில்லை, யாரும் எண்ணவுமில்லை. அவர் ஒரு ரூபாய்கூடத் தொடாதவராக இருக்கலாம். ஆனால் என்னை நம்புங்கள் என்று கேட்கிற இடத்தில் தன்னை வைத்துக்கொண்டார். சபையின் கணக்குக்கு கியூஆர் வாங்கி, மாத ஸ்டேட்மென்டை அதே பலகையில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது.

போதகரின் சம்பளம், வாகனம், பயணப்படி ஆகியவற்றை முடிவு செய்யும்போது அவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். அவரே உட்கார்ந்து ‘எனக்கு ஒன்றும் வேண்டாம்’ என்று சொல்வதும் கெடுதல்தான். யாரும் குறைத்துப் பேச முடியாது, பிறகு வேறு வழியில் கொடுக்க ஆரம்பிப்பார்கள்.

சாடைப் பிரசங்கமும் மன்னிப்பும்

தவறு செய்த தலைவர் மன்னிப்புக் கேட்பது அபூர்வம். அதற்குப் பதிலாக நடப்பது சாடைப் பிரசங்கம். புதன்கிழமை கமிட்டியில் எதிர்த்துப் பேசியவர் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார்; பிரசங்கத்தில் மோசேயை எதிர்த்து அழிந்த கோராகு, தாத்தான், அபிராம் வருவார்கள், பூமி வாய் திறக்கும். சபை முழுவதும் யாரைப் பற்றி என்று தெரிந்து திரும்பிப் பார்க்கும். அவருக்குப் பதில் சொல்ல மைக் கிடையாது. குருத்துவப் பயிற்சியில் இதை ஒரு தனிப்பாடமாகவே வைக்கலாம்.

கேட்கிற மன்னிப்பும் கெட்டுப்போகும். 2024 நவம்பரில், ஒரு பழைய கொடுமைக்காரரைப் பற்றிய புகாரைச் சபை கையாண்ட விதத்தைக் குறித்து அறிக்கை வந்த சில நாட்களில், இங்கிலாந்துத் திருச்சபையின் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். விலகியது பெரிய காரியம்தான். ஆனால் டிசம்பரில் பிரபுக்கள் சபையில் விடைபெற்றுப் பேசும்போது, தம் விலகலை வைத்து நகைச்சுவையாகச் சொன்னதும், தம் சந்திப்பு நாட்குறிப்பைப் பார்த்துக்கொள்ளும் அலுவலருக்காகப் பரிதாபப்பட்டதும் பாதிக்கப்பட்டவர்களைப் புண்படுத்தியது. அடுத்த நாளே அந்தப் பேச்சுக்கும் மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டவர்களை விட்டுவிட்டுத் தம்மையே பேச்சின் மையமாக்கிக்கொண்டதுதான் அங்கே நடந்த பிசகு.

மன்னிப்புக் கேட்கத் தெரிந்தவர்கள் செய்வது எளிமையானது. செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்வார்கள்: ‘மார்ச் மாதக் கூட்டத்தில் உங்களைப் பொய்யர் என்றேன், அது தவறு.’ ‘யாராவது மனம் வருந்தியிருந்தால்’ என்று தொடங்க மாட்டார்கள். எத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்தினார்களோ அத்தனை பேர் முன்னால் கேட்பார்கள். கேட்டபின் ‘நீங்களும் என்னை மன்னிக்க வேண்டும், அதுதான் வசனம்’ என்று அவசரப்படுத்த மாட்டார்கள்.

எழுந்து போவது

திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) 2013 பிப்ரவரி 11இல் தமக்குப் பலம் போதவில்லை என்று இலத்தீனில் அறிவித்து, அந்த மாதம் 28ஆம் தேதி பதவியை விட்டார். அதற்கு முன் ஒரு திருத்தந்தை விலகியது 1415இல், பன்னிரண்டாம் கிரகோரி. அறுநூறு வருட இடைவெளி. கத்தோலிக்க ஆயர்கள் 75 வயதில் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது விதி. சுயாதீனச் சபைகளில் இப்படி ஒரு வயதைப் பத்திரத்தில் எழுதியிருப்பதைக் காண்பது அரிது. போதகர் நன்றாக இருக்கும்போதே அதை எழுதிவைப்பது நல்லது. உடம்பு தளர்ந்தபின் அந்தப் பேச்சை எடுப்பவர் துரோகி ஆகிவிடுவார்.

மாற்றலாகியோ ஓய்வுபெற்றோ போனவர் பழைய சேகரத்துக்கு எப்படி வருகிறார் என்பது இன்னொரு இடம். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும்போது பிரச்சினை ஆரம்பிக்கும். பெண்வீட்டார் பழைய ஐயரவாள், அதாவது முந்தைய குருவானவர், கையால்தான் தாலி எடுத்துக்கொடுக்க வேண்டும் என்பார்கள். போன் அவருக்கு நேராகப் போகும், தேதியும் அவரோடு முடிவாகிவிடும், இப்போதைய குருவானவருக்குச் செய்தி பத்திரிகையில்தான் தெரியும். அதற்குப் பிறகு அந்த இளம் குருவானவர் சொல்வதை அந்தக் குடும்பம் கேட்காது, அவர்களைப் பார்த்து அடுத்த குடும்பமும் கேட்காது. பழையவர் செய்ய வேண்டியது போனிலேயே முடிகிற காரியம்: ‘இப்ப இருக்கிற ஐயாவைப் போய்ப் பாருங்க. அவர் கூப்பிட்டா வந்து ஒரு ஜெபம் பண்றேன். இல்லேன்னா பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டுப் போறேன்.’